தீவகத்துப் பிரசவமும் தந்தையின் கடனும்

பிள்ளைப்பேறு பெண்களின் காரியம் என்னும் கருத்து நம்மிடையே மிகப் பழையது. பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாடலொன்று (312) பிள்ளையைப் பெறுதலைத் தாயிடமும், அவனுக்குச் சான்றாண்மை ஊட்டுதலைத் தந்தையிடமும் ஒப்படைக்கின்றது. போரையே வாழ்வாகக் கொண்ட சமுதாயமொன்றின் கடமைப் பங்கீடு அது. அதன் கவிதைச் சிறப்பை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால், அப்பங்கீட்டை இன்றைய கணவன்மார் தமக்கு வழங்கப்பட்ட விடுதலைப் பத்திரமாக எண்ணிக்கொள்வதை மறுத்தேயாக வேண்டும். தந்தையின் கடமை பிள்ளை பிறந்த பின்னரே தொடங்குகின்றது என்னும் எண்ணம் எங்கும் தவறானது. ஊர்காவற்றுறையையும் அதனைச் சூழ்ந்த தீவுகளையும் பொறுத்தவரை அது ஆபத்தானதும் ஆகும்.

தீவகத்தின் நிலவமைப்பை ஒரு கணம் நினைவிற் கொள்வோம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணைத் தீவை அடையலாம். அத்தீவின் வடமேற்கு முனையில் அமைந்த ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை உண்டு. புங்குடுதீவும் தாம்போதியால் இணைக்கப்பட்டதே. ஆனால் எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குப் படகன்றி வேறு வழியில்லை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற்பயணம். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு இன்னும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தரைவழி. சோளகம் பெயரும் மாதங்களிலும் மாரிப் புயலிலும் அப்படகும் ஓடாது போகலாம். பிரசவத்தின் பின் ஏற்படும் மிகை இரத்தப்பெருக்கோ, உரிய சிகிச்சை கிட்டாதவிடத்து இரண்டே மணித்தியாலத்தில் தாயின் உயிரைப் பறிக்க வல்லது. இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்து நோக்குபவர்க்கு நாம் கூறவருவது எளிதிற் புலனாகும்.

இவ்விடயத்தில் இரு சாராரோடு நாம் மாறுபடுகின்றோம்.

முதலாவது சாரார் பழமையைப் போற்றுவோர். “நம் பாட்டிமார் வீட்டிலேதானே பெற்றார்கள், மருத்துவிச்சியின் கைராசிக்கு ஈடுண்டா?” என்பர். மருத்துவிச்சியின் அனுபவ அறிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அப்பாட்டிமாருள் எத்தனை பேர் பெற்ற படுக்கையிலேயே மாண்டனர் என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். 1930களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக் காலத்தில் அத்தொகை முப்பதை அண்டி நிற்கின்றது. இம்மாற்றம் தானாக வந்ததன்று. 1879இல் கொழும்பில் தோன்றிய டி சொய்சா பிரசவ விடுதி, 1898இல் இணுவிலில் அமைந்த மக்லியட் வைத்தியசாலை, 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு, அதன் வழியே கிராமந்தோறும் படலை திறந்து நுழைந்த பயிற்சி பெற்ற மருத்துவமாதர் எனப் பலருடைய நீண்ட உழைப்பின் பயன் அது. மேலும், மருத்துவிச்சியைப் போற்றும் இவர்கள் ஓர் உண்மையைச் சொல்லாது விடுகின்றனர். நள்ளிரவில் அவரைக் கெஞ்சி அழைத்த வீடுகளே பகலில் சாதியின் பெயரால் அவரை முற்றத்தோடு நிறுத்தின. அத்தகைய பழமைக்குத் திரும்ப நாம் விரும்பவில்லை. நெதர்லாந்தில் இன்றும் வீட்டுப் பிரசவம் உண்டே எனச் சிலர் வினவலாம். அங்கே சிக்கலற்ற கருப்பம் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களுக்கு, பயிற்சி பெற்ற மருத்துவமாது உடனிருக்க, வைத்தியசாலை அண்மையிலிருக்க நிகழ்வது அது. இடையிலே கடல் கிடக்கும் நெடுந்தீவுக்கு அவ்வுதாரணம் பொருந்தாது.

இரண்டாவது சாரார் இதற்கு நேரெதிரானோர். நாட்டின் பிரசவங்களில் 99 வீதத்துக்கு மேற்பட்டவை வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. ஆகவே இனிக் கணவனுக்கு என்ன வேலை என்பது இவர்கள் வாதம். படிவத்தில் ஒப்பமிடுவதும், வாசலிற் காத்திருப்பதும், இனிப்புப் பொட்டலம் வாங்குவதுமே அவன் பங்கென எண்ணுகின்றனர். பிரசவம் வீட்டைவிட்டு வைத்தியசாலைக்குச் சென்றது நன்றே. ஆனால் வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் இடைப்பட்ட தூரம் எவர் பொறுப்பு?

தாய்மார் இறப்பை ஆராய்ந்த செரீன் தடேயசு, டெபோரா மெயின் என்னும் இருவர் 1994இல் மூன்று தாமதங்களை வகுத்துக் காட்டினர். சிகிச்சையை நாடத் தீர்மானிப்பதில் தாமதம், வைத்தியசாலையைச் சென்றடைவதில் தாமதம், அங்கே உரிய சிகிச்சை பெறுவதில் தாமதம் என்பனவே அவை. மூன்றாவது வைத்தியர்களைச் சார்ந்தது. முதலிரண்டும் வீட்டிலும் வழியிலும் நிகழ்வன. அவ்விரு இடங்களிலும் உடனிருக்க வேண்டியவன் கணவன். 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கப்படும் சுவசெரிய இலவச நோயாளர் காவுவண்டிச் சேவை 2018இல் வடமாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. பெரும் பேறுதான்; ஆயினும் வண்டி கடலில் ஓடாது. படகோட்டியை எழுப்பவும், கடலின் நிலையறிந்து முன்னரே புறப்படவும் தீவில் ஒருவன் வேண்டும்.

முன்னர் இதற்கு ஆச்சியும் மாமியும் பெரியம்மாவும் இருந்தனர். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வு தீவகத்தின் உறவுக் கூட்டங்களைச் சிதறடித்தது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வாழும் உறவினர் தொலைபேசியில் ஆறுதல் கூறலாம். இடுப்பைத் தேய்த்துவிடவோ வள்ளத்திற் கைபிடித்து ஏற்றவோ அவர்களால் இயலாது. பல வீடுகளில் எஞ்சியிருப்பவன் கணவன் ஒருவனே. அவனும் ஏதுமறியாதவனாயின் அப்பெண் தனித்தவளே.

“ஆண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?” என நாணத்தின் பெயரால் எழும் வினாவுக்கும் விடை கூறுவோம். நம் வழக்கத்தில் பிள்ளை பிறந்த வீட்டுத் துடக்கு தந்தைக்கும் உண்டு. அவனும் கோயிலுக்குச் செல்வதில்லை. வேதனையில் இடமற்றவனுக்குத் துடக்கிலே மட்டும் பங்களிக்கும் நியாயம் விந்தையானது. திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதையையும் நாம் பத்தியோடு கேட்கின்றோம். காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர முடியாதபோது இறைவனே தாயாக வந்து இரத்தினாவதிக்குப் பிரசவம் பார்த்தான் என்பர். ஆற்றுக்கு அப்பால் தாய் தவித்தாள். விண்ணிலிருந்து கடவுள் வந்தான். கணவன் எங்கே நின்றான் என நம்மில் எவரும் கேட்பதில்லை. கடல் கொந்தளிக்கும் இரவொன்றில் அனலைதீவிலே அவ்வினாவைக் கேட்காதிருக்க முடியாது.

அங்ஙனமாயின் கணவன் அறியவேண்டியவை யாவை? மனைவியோடு கிளினிக்குக்குச் சென்று கருப்பப் பதிவேட்டை வாசித்தறிதல் முதலாவது. அவளது இரத்த வகை, குறித்த திகதி, முன்னைய பிரசவத்தின் சிக்கல்கள் ஆகியவை அவன் நாவில் இருக்கவேண்டும். படகுத் தீவிலுள்ளோர் குறித்த திகதிக்கு இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்னரே கரையேறித் தங்க ஒழுங்கு செய்தல் வேண்டும். அதற்கான பணத்தைச் சேர்ப்பது அவன் பொறுப்பு. இரத்தம் படுதல், கடுந்தலையிடி, கண்மங்கல், வலிப்பு, நீர்க்குடம் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல் என்பவற்றுள் ஒன்றேனும் காணின் விடியும்வரை காத்திராது புறப்பட வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் பிரசவம் வீட்டிலோ வள்ளத்திலோ முந்திக்கொள்ளுமாயின், உதவிக்கு ஆளனுப்பி, மருத்துவமாதுவையோ அருகிலுள்ள வைத்தியசாலையையோ தொலைபேசியில் அழைத்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். வயிற்றை அழுத்தலாகாது, பிள்ளையை இழுக்கலாகாது. பிறந்ததும் துடைத்து உலர்த்தித் தாயின் வெற்றுமார்பிற் கிடத்தி இருவரையும் போர்த்துவிட வேண்டும். கொப்பூழ்க்கொடியை அவசரப்பட்டு அறுக்கவோ, நச்சுக்கொடியை இழுக்கவோ கூடாது. பிள்ளையை முலையிற் சேர்க்கலாம்; குளிப்பாட்டலாகாது. இரத்தப்போக்கைக் கண்காணித்தபடி, எல்லாம் நலமாய் முடிந்ததெனத் தோன்றினும், தாயையும் சேயையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவே வேண்டும். இவற்றைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். வலையின் கண்ணளவையும் இயந்திரத்தின் பழுதையும் அறிந்த கடற்றொழிலாளிக்கு இது கடினமான கல்வியன்று.

கணவனை மட்டும் குறைகூறி அமைவதும் நேர்மையாகாது. கிளினிக்குகள் பெரும்பாலும் பகலிலே, தொழில் நேரத்திலே நடைபெறுகின்றன. அரச ஊழியனுக்கு மனைவியின் பிரசவத்துக்கென மூன்று நாள் லீவு உண்டு. கடலுக்குப் போகிறவனுக்கு அதுவுமில்லை. பெண் தான் விரும்பும் ஒருவரைப் பிரசவ வேளையில் உடன்வைத்திருக்க இடமளிக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. பல கட்டில்கள் ஒரே அறையில் இருக்கையில் ஓர் ஆணை எவ்வாறு உள்ளே விடுவது என ஊழியர் கேட்பது நியாயமே. அதற்கு விடை கதவடைப்பதன்று. மறைப்புத் தட்டிகளை அமைப்பதே. இங்கு ஒன்றை அழுத்திக் கூறவேண்டும்: உடனிருப்பவர் யார் என்பதைத் தீர்மானிப்பவள் பெண்ணே. அவள் தன் தாயை விரும்பினால் தாயே இருக்கட்டும். அச்சந்தரும் கணவனை அவள் மறுத்தால் அம்மறுப்பே இறுதியானது. நாம் கணவனுக்குக் கோருவது உரிமையை அன்று, கடமையை.

இறுதியாக, இவ்விதழை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து மேலைமருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். பிரசவ வைத்தியமும் அவற்றுள் ஒன்று. அந்நியர் ஒருவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் செய்த பணி அது. இன்று நம் பல்கலைக்கழகங்களில் மருத்துவ பீடங்களும் உள்ளன. தமிழ்ச் சங்கங்களும் உள்ளன. இவ்விரண்டும் ஒன்றுகூடி, தந்தையாகப் போகிறவன் வாசித்து விளங்கத்தக்க இருபது பக்கக் கைந்நூலொன்றை ஆக்கி, மருத்துவமாதர் வாயிலாக ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுத் துறைகள்தோறும் வழங்க முடியாதா? விழா மேடைகளில் தாய்மையைப் பாடுவதற்கு நாம் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியே இதற்குப் போதுமானது. சோளகம் பெயருமுன் அக்கைந்நூல் தீவுகளைச் சென்றடைதல் வேண்டும்.