அவனுக்கு டாக்டர், இவனுக்கு லத்தி

‘அடங்காத பையன்’ என்று நம்ம பள்ளிக்கூடங்களில் ஒரு தனி சாதியே உண்டு. பெஞ்சில் உட்கார மாட்டான். கேள்வி முடியுமுன்னே பதிலைக் கத்துவான். நோட்டைத் தொலைப்பான். எவனாவது முறைத்தால் யோசிக்காமல் கை நீட்டிவிடுவான். இதே பையன் அபார்ட்மெண்டில் பிறந்திருந்தால் ஏழெட்டு வயசிலேயே டாக்டரிடம் போயிருப்பான். ஏ.டி.எச்.டி. என்று சீட்டில் எழுதி மருந்தும் பயிற்சியும் கொடுத்திருப்பார்கள். சேரியில் பிறந்தால் அதுக்குப் பேரு திமிர். ‘அந்த ஏரியாப் பசங்களே அப்பிடித்தான் சார்.’ கடைசி பெஞ்சு, அப்புறம் டி.சி., அப்புறம் கூல் லிப், பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன், கஞ்சா, வலி மாத்திரை. பதினாறு வயசில் ஒரு கேஸ்.

ஏ.டி.எச்.டி. என்பது வளர்ப்புக் கோளாறு இல்லை. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும், உந்துதலுக்கு பிரேக் போடுவதும் மூளையின் வேலை. அந்த வேலை சிலருக்கு வேறு மாதிரி வளர்கிறது. பெருமளவு பரம்பரையாக வருவது. இது உள்ள பிள்ளைகள் பின்னால் போதைக்குள் சிக்கும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஏன் என்று எங்க மாலை வகுப்புக்கு வந்த ஒரு பையன் எனக்கு ஒரு வரியில் சொன்னான்: “அத்த மோந்தா தலைக்குள்ள ஓடுறது நின்னுடுதுண்ணா.”

2019இல் மத்திய அரசு வெளியிட்ட போதைப் பழக்கக் கணக்கெடுப்பைப் புரட்டிப் பாருங்கள். மோந்து ஏற்றிக்கொள்ளும் சரக்கு ஒன்றில்தான் பெரியவர்களைவிட 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் முந்துகிறார்கள். பெரியவர்கள் 0.58 சதவீதம், பிள்ளைகள் 1.17. மலிவாகக் கிடைப்பது அதுதானே.

யாருக்கு நோயாளி என்ற பேர், யாருக்குக் குற்றவாளி என்ற பேர் என்பதை எங்கேயும் மேலே இருக்கிறவன்தான் தீர்மானிக்கிறான். அமெரிக்காவில் 17 ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளை எட்டாம் வகுப்புவரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. வெள்ளைக் குழந்தையோடு ஒப்பிட்டால், அதேமாதிரி நடந்துகொள்கிற கறுப்பினக் குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. என்று கண்டறியப்படும் வாய்ப்பு 69 சதவீதம் குறைவு. நம்ம ஊரில் சாதிவாரியாக இப்படி ஒரு கணக்கு எடுக்கச் சொல்லிக் கேட்கணும்.

நம்ம தோழர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. மனநோய் என்பதே அதிகாரம் கட்டமைத்த முத்திரை, மருந்துக் கம்பெனி வியாபாரம், சாதியையும் வறுமையையும் மறைக்கிற தந்திரம் என்று பேசுகிறார்கள். கம்பெனிக்காரன் யோக்கியன் என்று நானும் சொல்லவில்லை. வகுப்பில் சாதி சொல்லித் திட்டு வாங்கும் பிள்ளையும், ராத்திரி படுக்க இடமில்லாத பிள்ளையும் கவனம் சிதறித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதையெல்லாம் ஏ.டி.எச்.டி. என்று எழுதினால் அயோக்கியத்தனம். ஆனால் முத்திரையே வேண்டாம் என்று சொல்கிற சொகுசு யாருக்கு இருக்கிறது தோழர்? நம்ம பையன்மேல் ஏற்கெனவே ஒரு முத்திரை விழுந்தாச்சு. அதுக்கு ஸ்டேஷனில் ரெஜிஸ்டர் இருக்கு.

சரி, சிகிச்சைக்குப் போனால் என்ன நடக்கிறது? மனநல டாக்டர், ‘முதல்ல கஞ்சாவ விடட்டும், அப்புறம் பாக்கலாம்’ என்கிறார். போதை மறுவாழ்வுக்காரர், ‘இவன் சொல்றதையே கவனிக்க மாட்டேங்கிறான்’ என்று திருப்பி அனுப்புகிறார். இரண்டு கதவுக்கும் நடுவில் பையன் தெருவுக்கே திரும்புகிறான்.

இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 13 முதல் 18 வயதுக்குள், இரண்டு பிரச்சினையும் உள்ள 303 பேரிடம் 16 வாரம் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வந்தது. எல்லாருக்கும் வாராவாரம் நடத்தை மாற்றச் சிகிச்சை. பாதிப் பேருக்கு அதோடு நீண்ட நேரம் வேலை செய்யும் மெத்தில்பெனிடேட், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. பிள்ளைகள் தாங்களே சொன்னபடி இரண்டு பக்கமும் நன்றாகவே தேறினார்கள், மருந்து பெரிதாக முந்தவில்லை. பெற்றோர் பார்வையில் மருந்து எடுத்தவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். போதையை முழுசாக விடும்வரை காத்திருக்காமலே மருந்தைப் பாதுகாப்பாகத் தர முடிந்தது. மாத்திரை மட்டும் போதாது, உட்கார்ந்து பேச ஆள் வேண்டும் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அந்த ஆளைத்தான் அரசு ஆஸ்பத்திரியில் போட மாட்டேங்கிறார்கள்.

மெத்தில்பெனிடேட் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ள மருந்து. எல்லாக் கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள். உடனே கரைகிற வகையைப் பொடித்து ஏற்றிக்கொள்ளவோ விற்கவோ வழி உண்டு என்பதால் நீண்ட நேர வகையைத்தான் கேட்க வேண்டும், வீட்டில் பெரியவர் கையில் இருக்க வேண்டும். அந்தப் பயமே இல்லாத அட்டமாக்ஸெட்டினும் இருக்கிறது. பலன் தெரிய சில வாரம் பிடிக்கும்.

எங்க பகுதிப் பையன் ஒருத்தனைத் தனியார் ‘மறுவாழ்வு இல்லம்’ ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெரிய குடிகாரர்களோடு ஒரே ஹால். ஓரிடத்தில் உட்காரவில்லை என்பதற்காகவே அடி. உட்கார முடியாததுதானய்யா அவன் நோயே! 2017ஆம் வருச மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதையால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரை உள்நோயாளியாகச் சேர்ப்பது விதிவிலக்காகத்தான். சேர்த்தாலும் பெரியவர்களோடு வைக்கக் கூடாது, வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும், சங்கிலி போடக் கூடாது. இந்தப் பிரிவுகளை மாணவத் தோழர்கள் படித்து வைத்துக்கொள்ளுங்கள், அம்மாக்களோடு போகும்போது உதவும்.

போவது அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு. பன்னிரண்டு வயசுக்கு முன்னாலேயே, வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இந்தக் குணம் தெரிந்திருந்ததா என்பதை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். இல்லையென்றால் கஞ்சா பண்ணுகிற கவனச் சிதறலை இதிலிருந்து பிரிக்க முடியாது. அம்மாவைப் பேச விடுங்கள், ‘படிக்காதவங்க, இவங்களுக்கு என்ன தெரியும்’ என்று டாக்டர் கையமர்த்தினால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். மூணாவது, நாலாவது ரேங்க் கார்டு வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ‘நன்றாகப் படிப்பான், ஒரு இடத்தில் இருக்க மாட்டான்’ என்று எந்த டீச்சராவது அன்றைக்கே எழுதி வைத்திருக்கலாம்.