எங்கே தேடினீர்கள் என்று எழுதி வையுங்கள்

அறிவியல் திட்டப்பணியின் கடைசிப் பக்கத்தில் "தகவல் பெற்ற இடம்" என்ற தலைப்பின் கீழ் நம்மில் பலர் ஒரே சொல்லை எழுதுகிறோம்: "கூகுள்". "இந்தச் சட்டையை எங்கே வாங்கினாய்?" என்று கேட்பவரிடம் "கடையில்" என்று சொல்வதைப் போன்றது இது. சொன்னது பொய்யில்லை. ஆனால், கேட்டவர் அந்தக் கடைக்குப் போக முடியாது.

தகவல் தேடுவதும் ஆய்வின் ஒரு பகுதிதான். ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறோம். தேடலையும் அப்படியே குறித்து வைக்க வேண்டும். இந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்தில் அல்ல, இடைநிலைப்பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு ஒரு துயரமான நிகழ்வைச் சான்றாகச் சொல்லலாம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2001ஆம் ஆண்டு ஆஸ்துமா தொடர்பான ஓர் ஆய்வு நடந்தது. நல்ல உடல்நலத்துடன் இருந்த தன்னார்வலர்கள் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசித்தார்கள். அவர்களில் 24 வயதுப் பெண் ஒருவருக்கு இருமல் தொடங்கியது. பிறகு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஒரு மாதத்திற்குள் அவர் இறந்தார்.

ஆய்வாளர் தேடாமல் இல்லை. மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில் தேடினார், பாடநூல்களையும் பார்த்தார். ஆனால், அன்றைய பப்மெட் பெரும்பாலும் 1966ஆம் ஆண்டுக்குப் பிந்திய கட்டுரைகளையே காட்டியது. ஹெக்ஸாமெத்தோனியமோ 1950களில் இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கப்பட்ட பழைய மருந்து. அது நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்று எச்சரித்த கட்டுரைகளும் அந்தக் காலத்தில் வெளிவந்தவையே. அவை நூலகங்களில் இருந்தன, தேடலில் அகப்படவில்லை.

இப்போது ஒரு தாளைக் கற்பனை செய்து பாருங்கள். அதில் ஒரே வரி: "தேடிய இடம் பப்மெட்; தேடிய காலம் 1966 முதல் இன்று வரை." ஆய்வுக்கு அனுமதி வழங்கும் குழுவின் முன் அந்த வரி இருந்தால், "மருந்து 1950களைச் சேர்ந்ததாயிற்றே, அதற்கு முந்திய கட்டுரைகளைப் பார்த்தீர்களா?" என்று யாராவது கேட்க வாய்ப்பு உண்டு. தேடல் குறிப்பின் உண்மையான பயன் இதுதான். நாம் எங்கே தேடினோம் என்பதைவிட, எங்கே தேடவில்லை என்பதை அது மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

மருத்துவ உலகில் "முறைசார் மீளாய்வு" என்று ஒன்று உண்டு. ஒரு கேள்வியைப் பற்றி வெளிவந்த எல்லா ஆய்வுகளையும் திரட்டி, தரம் பார்த்து, மொத்தத்தில் அவை என்ன சொல்கின்றன என்று கணிப்பது அது. 1993இல் தொடங்கப்பட்ட காக்ரேன் அமைப்பு இத்தகைய மீளாய்வுகளுக்குப் பெயர் பெற்றது. இவற்றை எப்படி அறிக்கையாக எழுதுவது என்பதற்கு 2009இல் பிரிஸ்மா என்ற நெறிமுறை வெளிவந்தது. தேடலை மட்டும் எப்படிப் பதிவு செய்வது என்று சொல்ல, 2021இல் அதன் துணை நெறிமுறை ஒன்று 16 அம்சங்களுடன் வந்தது. தேடலுக்கு மட்டும் 16 அம்சங்கள்!

நமக்கு அத்தனையும் தேவையில்லை. நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். வீட்டில் யாருக்காவது டிங்கி காய்ச்சல் வந்தால், "பப்பாளி இலைச் சாறு கொடு" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. மலேசியாவில் 228 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சாறு குடித்தவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் வேகமாகக் கூடின. ஆனால், தட்டணு கூடுவது வேறு, உயிர் பிழைப்பது வேறு. ஓர் ஆய்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மற்ற ஆய்வுகளைத் தேட வேண்டும்.

எந்தச் சொல்லால் தேடுவது? காய்ச்சலின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது ஒரு மாதிரி, மலாயில் எழுதுவது வேறு மாதிரி. பப்பாளிக்கு மலாயில் பெத்திக் என்று பெயர். தாவரவியலில் கரிக்கா பப்பாயா. ஒரு சொல்லோடு நின்றால் மற்றச் சொற்களில் எழுதப்பட்ட ஆய்வுகள் நழுவிவிடும். ஆகவே, குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி இவற்றை எழுதுங்கள்: தேடிய நாள், தேடிய தளம், தட்டிய சொற்கள் எழுத்துப் பிசகாமல், ஆண்டு அல்லது மொழி வரம்பு, கிடைத்த கட்டுரைகளின் எண்ணிக்கை. ஒரே கட்டுரை இரண்டு தளங்களிலும் வந்தால் ஒன்றை நீக்கிவிட்டு, எத்தனை நீக்கினீர்கள் என்று குறியுங்கள். ஒதுக்கிய கட்டுரைக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். "எலியிடம் செய்த ஆய்வு, மனிதரிடம் அல்ல" என்பது நல்ல காரணம். "நான் நினைத்ததற்கு மாறாகச் சொல்கிறது" என்பது காரணமே இல்லை. காரணத்தை எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் இந்த இரண்டாவது தவற்றை நாமே கண்டுகொள்வோம்.

"செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் சொல்லிவிடுமே, இந்தத் தொல்லை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேளுங்கள், தவறில்லை. ஆனால், அதே கேள்விக்கு நாளை வேறு பதில் வரக்கூடும். எதை விட்டுவிட்டது என்பதும் பதிலில் தெரியாது. அது காட்டும் கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்று நாமே திறந்து பார்க்க வேண்டும். எனவே, அதைப் பயன்படுத்தினாலும் கேட்ட நாளையும் கேள்வியையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

குறிப்பு எழுதினால் எல்லாமே அகப்பட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு கவனமாகத் தேடினாலும் ஏதாவது விடுபடும். விடுபட்டதை இன்னொருவர் கண்டுபிடிக்க வழி வைப்பதே நம் கடமை. ஆசிரியர்களும் திட்டப்பணிக்குப் புள்ளி போடும்போது இந்த ஒரு பக்கத்துக்குத் தனிப் புள்ளி கொடுத்தால் பழக்கம் தானாக வரும்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆசிரியரோ நண்பரோ, "இங்கே ஏன் தேடவில்லை?" என்று கேட்டால் மனம் தளராதீர்கள். அந்தக் கேள்வி வர வேண்டும் என்பதற்காகத்தானே அதை எழுதினீர்கள்.