வாசலில் வரி, உள்ளே சலுகை

அயர்லாந்தில் 2024-ஆம் ஆண்டில் விற்ற வீடுகளில் சரிபாதி 3,55,000 யூரோவுக்கு மேல் விலைபோயின. வீட்டுப் பிரச்சினை பற்றிய அந்நாட்டு விவாதங்கள் எல்லாம் இந்த விலையைச் சுற்றியே நடக்கின்றன. விலை கடுமையானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், விலைக்குப் பின்னால் இன்னொரு கோளாறு இருக்கிறது. அங்குள்ள வரி அமைப்பு, வீடு வாங்க வருபவரிடம் கறாராகவும், ஏற்கெனவே வீடோ நிலமோ வைத்திருப்பவரிடம் தாராளமாகவும் நடந்துகொள்கிறது. இந்தப் பாரபட்சம் நீடிக்கும்வரை, வாங்குபவருக்கு எத்தனை உதவித் திட்டங்களை அறிவித்தாலும் அவற்றின் பயன் அவரிடம் முழுமையாகத் தங்காது.

கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முதல் வீடு வாங்குபவருக்கு ஆண்டு வருமானத்தைப் போல் நான்கு மடங்கு, வீட்டு மதிப்பில் 90 சதவீதம் என்ற இரு வரம்புகளுக்குள்தான் பெரும்பாலும் கடன் கிடைக்கும். இது அந்நாட்டு மத்திய வங்கியின் விதி. ஆகவே 3,55,000 யூரோ வீட்டுக்குக் கையிலிருந்து 35,500 யூரோ போட வேண்டும். மீதியைக் கடனாகப் பெற ஆண்டு வருமானம் ஏறக்குறைய 80,000 யூரோ இருக்க வேண்டும். அதோடு முடிவதில்லை. முத்திரைத்தாள் கட்டணம் ஒரு சதவீதம், அதாவது 3,550 யூரோ. பத்திரப் பதிவுக்கு 700 யூரோ. வழக்கறிஞர் கட்டணம், அதன் மேல் 23 சதவீத வரி, கட்டடத்தைச் சோதிக்கும் பொறியாளருக்கான செலவு, கடனுக்கான ஆயுள் காப்பீடு என்று பட்டியல் நீள்கிறது. வாடகை கட்டிக்கொண்டே இத்தனையையும் சேமிப்பது, கைகொடுக்கப் பெற்றோர் இல்லாதவர்களுக்கு மலையைப் புரட்டும் வேலை.

புதுவீடு என்றால் நிலைமை இன்னும் விசித்திரம். மூன்று படுக்கையறை கொண்ட வீட்டைக் கட்டி முடித்து ஒப்படைக்க ஆகும் மொத்தச் செலவு சராசரியாக 3,97,000 யூரோ என்று அயர்லாந்து நில அளவையாளர்கள் சங்கம் 2023-இல் கணக்கிட்டது. இதில் செங்கல், சிமென்ட், கூலி போன்ற நேரடிக் கட்டுமானச் செலவு 53 சதவீதம்தான். நிலம், வட்டி, லாபம், அரசின் வரிகளும் கட்டணங்களும் மீதியை எடுத்துக்கொள்கின்றன. 13.5 சதவீத மதிப்புக் கூட்டு வரி மட்டுமே சுமார் 47,000 யூரோ ஆகிறது. இப்படி வாங்கிக்கொள்ளும் அரசுதான், 2016-இல் தொடங்கிய ‘ஹெல்ப் டு பை’ திட்டத்தின் வழியே அதிகபட்சம் 30,000 யூரோவைத் திருப்பித் தருகிறது. அதுவும் முந்தைய நான்கு ஆண்டுகளில் கட்டிய வருமான வரியிலிருந்து தரப்படும் தொகை. அண்மையில் குடியேறிய செவிலியர் அங்கு கட்டிய வரி குறைவு என்பதால், அவருக்கு அந்தத் தொகையும் குறைந்துபோகிறது.

இப்போது உள்ளே இருப்பவரைப் பார்ப்போம். 2021 நிலவரப்படி 3,50,001 முதல் 4,37,500 யூரோ வரை மதிப்புள்ள வீட்டுக்கு, 2025 வரை ஆண்டுக்கு அடிப்படைச் சொத்து வரி 405 யூரோவாகத்தான் இருந்தது. வாங்குபவர் பத்திரத்தன்று கட்டும் முத்திரைத்தாள் கட்டணம், அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுச் சொத்து வரிக்குச் சமம். குடியிருக்கும் வீட்டை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரியும் கிடையாது. நிலத்தின் கதை இதைவிட மோசம். விளைநிலம் குடியிருப்பு மனை என்று அறிவிக்கப்பட்டதும் அதன் விலை பல மடங்காகிறது. அந்த லாபத்துக்காக உரிமையாளர் ஒரு செங்கல்கூட எடுத்து வைப்பதில்லை. அத்தகைய நிலத்தை, இருக்கும் பயன்பாட்டின் மதிப்போடு 25 சதவீதம் மட்டும் கூட்டிக் கொடுத்து உள்ளாட்சிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிபதி கென்னி தலைமையிலான குழு 1973-இலேயே பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. வாங்குபவர் கையில் அரசு கூடுதல் பணம் கொடுக்கும்போது, நிலம் வைத்திருப்பவர் விலையை அதற்கேற்ப உயர்த்திக்கொள்ள வழி திறந்தே இருக்கிறது.

இந்தப் பாரபட்சத்தைச் சரிசெய்யச் சொத்து வரியை உயர்த்தினால் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால், குறைந்த வருமானம் உள்ளவர்கள் வரியைத் தள்ளிவைத்து, வீடு கைமாறும்போது செலுத்தும் வசதி இப்போதே சட்டத்தில் இருக்கிறது. அதை விரிவாக்கினால் போதும். டொனகோல் போன்ற இடங்களில் தரமற்ற கான்கிரீட் கற்களால் சுவர் வெடித்து நிற்கும் வீடுகளின் உரிமையாளர்களுக்கு விலக்கு தருவதை யாரும் மறுக்கப்போவதில்லை. கடன் வரம்பைத் தளர்த்தினால் போதுமே என்பது இன்னொரு வாதம். வரம்பில்லாமல் கடன் கொடுத்த காலத்தின் முடிவை அயர்லாந்து கண்டிருக்கிறது: 2007-இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை, 2013-க்குள் பாதிக்கும் கீழே சரிந்தது. வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே தீர்வு என்பவர்கள் சொல்வது சரி. 2022-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பற்றாக்குறை என்று வீட்டுவசதி ஆணையம் கணித்திருக்க, 2024-இல் கட்டி முடிந்தவை 30,330 மட்டுமே. ஆனால், நிலத்தைச் சும்மா வைத்திருப்பது லாபமாக இருக்கும்வரை அது கட்டுமானத்துக்கு வேகமாக வராது.

கட்டப்படாத குடியிருப்பு நிலத்துக்கு 2025 முதல் 3 சதவீத ஆண்டு வரி விதித்திருப்பது சரியான தொடக்கம். அதை விலக்குகளால் நீர்த்துப்போக விடக் கூடாது. முதல் வீடு வாங்குபவருக்கு முத்திரைத்தாள் கட்டணத்தை நீக்கி, அந்த இழப்பைச் சொத்து வரியைப் படிப்படியாக உயர்த்தி ஈடுகட்ட வேண்டும். கென்னி குழுவின் பரிந்துரையை இன்றைய சூழலுக்கேற்பச் சட்டமாக்க வேண்டும். வீடு வைத்திருப்பவர்கள்தான் வாக்காளர்களில் பெரும்பான்மை என்பதால் எந்தக் கட்சிக்கும் இது எளிதல்ல. ஆனால், அவர்களுடைய பிள்ளைகள்தான் இன்று வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகவாவது அயர்லாந்து அரசு வரிச் சுமையை வாசலிலிருந்து உள்ளே நகர்த்தியாக வேண்டும்.