கூச்சம் வேண்டாம், தாய்மார்களே!

மூலனூர்ப் பக்கத்துப் பெண்கள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள். விடியற்காலையில் பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் உண்டு. முருங்கைத் தோட்டத்தில் நாளெல்லாம் காய் பறிக்கிறவர்களும் உண்டு. இடுப்பு வலித்தால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

ஆனால், அடிவயிற்றுக்குக் கீழே, வெளியில் சொல்லக் கூச்சப்படும் இடத்தில் ஒரு வீக்கம் தட்டுப்பட்டால்? பலர் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. "புற்றுநோயாக இருக்குமோ?" என்ற பயம் ஒரு பக்கம். வெட்கம் இன்னொரு பக்கம்.

எல்லாக் கட்டியும் புற்று அல்ல. இடுப்பெலும்புகள் இரண்டும் முன்புறம் சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. நடுவில் மெத்தை போலக் குருத்தெலும்பு. பிரசவ காலத்தில் இந்த மூட்டு சற்றுத் தளர்ந்து கொடுக்கும். வயது ஏற ஏறக் குருத்தெலும்பு தேயும். மிக மிகச் சிலருக்கு, தேய்ந்த இடத்திலிருந்து கூழ் போன்ற பொருள் பிதுங்கி, பை போல நிற்கும். சிலருக்கு அது மூத்திரக் குழாயை அழுத்தும். சிறுநீர் கழிப்பதே சிரமமாகிவிடும். ஆயினும் அது உடம்பெங்கும் பரவாது, உயிரைக் குடிக்காது.

1996-ல்தான் ஒரு மருத்துவப் பத்திரிகை இரண்டு நோயாளிகளின் கதையை எழுதி, இந்தக் கட்டிக்குத் தனிப் பெயரும் கொடுத்தது. அவ்வளவு அபூர்வம்! உங்கள் ஊர் டாக்டர் இதைப் பார்த்ததே இல்லை என்றால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. குடலிறக்கம் என்றோ, கர்ப்பப்பைக் கோளாறு என்றோ முதலில் நினைப்பது இயற்கை.

அதற்காக, "சாதாரணக் கட்டிதான்" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடலாமா? கூடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்த நோயைச் சீதபேதி என்றுதான் முதலில் நினைத்தார்கள். புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தத் துயரமே 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையம் பிறக்க வித்தாயிற்று.

ஆகவே முதலில் ஆஸ்பத்திரி. பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. கையால் சோதித்து, அல்ட்ராசவுண்டு பார்ப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கட்டி மூட்டிலிருந்து கிளம்புகிறதா, வேறு எங்கிருந்தா என்பதை அதுதான் தெளிவாகக் காட்டும். இது தெரியாமல் கத்தி வைத்தால், வேர் உள்ளே நின்றுவிடும். கட்டி மறுபடி தலைகாட்டும். உருவிவிடுகிறேன், அமுக்கிக் கரைக்கிறேன் என்று வருகிறவர்களிடம் உடம்பைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தொல்லை தராத கட்டியை அப்படியே விட்டு, அவ்வப்போது பார்த்து வரலாம். ஊசியால் உறிஞ்சுவது உண்டு. திரும்ப நிரம்பவும் கூடும். தொல்லை மிகுந்தால்தான் அறுவை. அப்போது எலும்பு டாக்டரும் மகளிர் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்வது நல்லது.

காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால் எலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். கட்டி வேகமாக வளர்ந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ நாள் கடத்தாதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டால் அன்றே ஓடுங்கள்.

மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. மருமகள் தயங்கித் தயங்கி வந்து "அத்தை..." என்று ஆரம்பித்தால், பேச்சை வெட்டாதீர்கள். கூடவே தாராபுரம் பஸ்ஸில் ஏறுங்கள். பழைய சீட்டு, ஸ்கேன் படம், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.