அத்தியட்சர் அசரியா

நெல்லைச் சீமையிலிருந்து ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் தொழிற்சாலை வேலைக்கு வந்து, இங்கேயே வீடு கட்டி நிலைத்துவிட்ட கிறிஸ்தவக் குடும்பங்கள் அனேகம். ஞாயிறுதோறும் அவர்களிற் பலர் கூடுகின்ற ஆலயங்களின் முகப்பிலே காணும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற மூன்றெழுத்துக்காகக் கால் நூற்றாண்டு பாடுபட்ட பெரியவர் ஒருவர், அதே சீமையின் வெள்ளாளன்விளைக் கிராமத்தில் 1874இல் பிறந்தவர் என்பதை நம் வட்டாரத்து இளைஞர் அறியாதிருப்பது எமக்கு விசனத்தைத் தருகிறது. அவர்தாம் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர், வேதநாயகம் சாமுவேல் அசரியா.

கிராமக் குருவானவரின் புத்திரர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர், ஒய்.எம்.சி.ஏ. காரியதரிசியாக ஊர் ஊராகச் சென்றவர். யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சபையார் தம் சொந்தப் பொருளைக் கொண்டே பிறரிடத்து ஊழியரை அனுப்புவதைக் கண்டு வந்து, 1903இல் நெல்லையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் அச்சங்கத்தின் ஊழியராகத் தாமே நிஜாம் ராஜ்யத்து டோர்னக்கல்லுக்குப் புறப்பட்டார். தெலுங்கைக் கற்றுக்கொண்டு ஏழைகளிடையே வாழத் தொடங்கிய பின்னரே 1910ஆம் ஆண்டு எடின்பரோ உலக மிஷனெரி மகாநாட்டில் பேசினார். மேனாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை மனமார வாழ்த்திவிட்டு, எங்களுக்கு வேண்டுவது சரிசமமான சிநேகம் என்று அவர் அங்கே உரைத்த வார்த்தை பலருக்குக் கசந்தது.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவருக்கு அத்தியட்சர் பட்டம் அளிக்கப்படுமுன் எதிர்ப்பு எழாமலில்லை. இந்தியர் ஒருவரின் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதா என்று வெள்ளையர் சிலர் தயங்கியதைக் காட்டிலும், சாதியைக் காட்டி நம்மவரே சிலர் ஆட்சேபித்தது பெரிய அவமானம் என்போம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் ஆண்ட டோர்னக்கல் அத்தியட்சாதீனத்தில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினராகிய மாலர், மாதிகர். ஒருவரோடொருவர் பந்தியில் அமராதவர்கள். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாய்ச் சென்று, அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் சத்துருக்கள் என்று போதித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தத்தம் தலைமேல் கைவைக்கச் சொல்லி, சுவிசேஷத்தைக் கூறாதிருந்தால் தமக்குக் கேடு என்னும் பவுலடிகளின் வாக்கைத் திருப்பிச் சொல்லச் செய்வார். எழுத்தறியாத கூலியாளும் அக்கணத்தில் தாமே உபதேசி ஆகிவிடுவார். 1939இல் பிரதிஷ்டையான டோர்னக்கல் பேராலயத்தில் கோயில் மண்டபத் தூண்களும் மசூதிக் கோபுரங்களும் ஒன்றுகூடி நிற்கக் காணலாம். மதமாற்றம் பற்றிக் காந்தியடிகளோடு அவருக்கு நேர்ந்த கருத்து வேற்றுமை உலகறிந்தது. எனினும் கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று உறுதியாய் நின்றவரும் அவரே.

1919இல் தரங்கம்பாடியில் அவர் முன்னின்று கூட்டிய திருச்சபை ஐக்கிய ஆலோசனை, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. அவரோ 1945 ஜனவரி முதல் நாளிலேயே காலமாகிவிட்டார். அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த சபையில் குருவானவர் நியமனத்திலும் கமிட்டித் தேர்தலிலும் சாதியை எண்ணி வாக்களிக்கும் வழக்கம் எங்கெங்கு உண்டோ, அங்கெல்லாம் அதனை இவ்வாண்டே கைவிடும்படி நம் வட்டாரத்துச் சபையாரை வேண்டிக்கொள்கிறோம்.