ஊர்தோறும் ஆடிய பந்தாட்டக்காரர்

நாங்குநேரிப் பெரியகுளம் நீர் வற்றிக் கிடக்குங் கோடையில், மாலைவேளையில் அதன் தரையிலே சிறுவர் பந்துதைத்து விளையாடக் கண்டிருக்கிறோம். அவர்களுள் ஒருவன் பின்னாளில் நம் கல்லூரிக்கு வந்து, முன்னணியில் நின்று நாலைந்து கோல் அடித்துவிட்டால், பெற்றோர் உள்ளத்தில் மகிழ்ச்சியினும் அச்சமே மிகுகின்றது. “கழகங் கழகமாய் அலைவதும் ஒரு பிழைப்பா?” என்று அவர்கள் வினவுகின்றனர். தமிழ்நாட்டு முன்னணி ஆட்டக்காரராகிய ராமன் விஜயன் அவர்களின் வாழ்க்கையைக் கொண்டு இவ்வினாவை ஆராய விரும்புகிறோம்.

அவர் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், கேரளத்தின் எப்.சி. கொச்சின் முதலிய கழகங்களுக்காக ஆடியவர். 1997-98ஆம் ஆண்டுத் தேசியக் கால்பந்து லீக் பந்தயத்தில் வாகை சூடியது மோகன் பகான் கழகம். ஆயினும், கொச்சின் கழகத்தின் சார்பில் 10 கோல் அடித்து, அப்பந்தயத்தில் யாவரினும் மிகுதியாகக் கோல் அடித்தவர் என்னும் பெருமையை அடைந்தவர் விஜயனே.

இத்தகையோரை நிலையற்றவர் என இகழ்தல் தகுமோ? அவர்கள் நிலைத்திருத்தற்கு நிலம் எங்கே? 1997இல் தோன்றி, அவ்வாண்டிலேயே டூரண்ட் கோப்பையைக் கேரளத்திற்கு முதன்முதல் கொணர்ந்த கொச்சின் கழகம், சில ஆண்டுகளுள் பணமுடையால் மறைந்தது. அத்தேசிய லீக்கும் 2007இல் முடிவுற, ஐ-லீக் அதனிடத்தைப் பெற்றது. 2018-19இல் ஐ-லீக்கை வென்ற நம் சென்னை சிட்டி கழகமும் பின்னர் அப்பந்தயத்தினின்று நீங்கிற்று. வங்கிகளும் இரயில்வேயும் வேலை கொடுத்து ஆட்டக்காரரை ஆதரித்த வழக்கமும் சுருங்கிவிட்டது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று கருதி அவர்கள் போகவில்லை. காலடியிலிருந்த கரை இடிந்தமையால் போயினர்.

படிப்பைத் துறந்து பந்தின்பின் ஓடுக என்று நாம் மாணவர்க்குச் சொல்லோம். கோல் கிட்டாத சில வாரங்களிலேயே முன்னணிக்காரர் தம் இடத்தை இழக்கக்கூடும். முழங்காலில் நேரும் ஒரு காயம் வாழ்வையே மாற்றிவிடும். ஆதலால் பட்டமும் பந்தும் ஒருங்கே செல்லுதல் நலம். எனினும், அபாயமுள்ள தொழில் வேறு, இழிவான தொழில் வேறு என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்த ஊழியக்காரனின் உவமையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். விஜயன் தம் தாலந்தைப் புதைத்தாரல்லர். பல ஊர்களில் ஈட்டிய அனுபவத்தைக் கொண்டு தம் பெயரால் ஒரு பந்தாட்டப் பள்ளி நிறுவினார். அங்குப் பயின்ற கண்டனூர்ச் சிவசக்தி நாராயணன், 2022ஆம் ஆண்டு டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் பெங்களூரு கழகத்திற்காகக் கோல் அடித்தார். அக்கழகமே கோப்பையை வென்றது. வெளியூரில் பெற்ற பொருள் வட்டியோடு மீண்டதன்றோ?

நம் கல்லூரி விளையாட்டு விழாவில் கோப்பை வென்ற அணிகளின் பெயர்களை மட்டுமே வாசிக்கின்றோம். இங்கு ஆடப்பழகி, வேற்றூர்க் கழகங்களில் உழைத்துவரும் பழைய மாணவரின் பெயர்களையும் இனி வாசித்தல் வேண்டும். அவர்களை ஆண்டுக்கொருமுறையேனும் அழைத்து, இளைஞர்க்குப் பயிற்சியளிக்கச் செய்தலும் வேண்டும். குளத்துத் தரையில் ஆடும் சிறுவன் தனக்குமுன் அவ்வழி சென்றவரை ஒருநாள் நேரிற் காண்பானாயின், அவன் பெற்றோரின் அச்சமும் பாதி குறையும் என்பது நமது துணிபு.