வலிக்காத கட்டியும் வாய் திறவாத நாமும்

அக்டோபர் மாதம் கயத்தாற்றில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். 1799 அக்டோபர் 16 அன்று இங்கே தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனை ஊர் நினைவுகூரும். ஆலயத்தில் மாலைதோறும் செபமாலை சொல்லப்படும். இதே மாதத்தை உலகம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாகவும் கடைப்பிடிக்கிறது. அதை நாம் பீடத்தில் நின்று ஒருமுறையாவது சொல்லியிருக்கிறோமா? இல்லை. அந்தச் சொல்லை உச்சரிக்கவே நமக்குக் கூச்சம்.

சில ஆண்டுகளுக்கு முன் நோயில்பூசுதல் கொடுக்க ஒரு வீட்டுக்கு அழைக்கப்பட்டோம். தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தாய். கட்டி கைக்குத் தட்டுப்பட்டு ஒன்றரை வருடம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். "வலிக்கல சாமி, அதான் விட்டுட்டேன். பொறவு யாருகிட்டச் சொல்ல?" என்றார். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் பூசைக்கு வந்தவர்தான். நம்மிடம் வந்து சொல்லியிருந்தால் மட்டும் நமக்கு என்ன வழிகாட்டத் தெரிந்திருக்கும்?

வலிக்கவில்லை என்பதுதான் ஏமாற்றுகிறது. இந்தக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. தோல் குழிவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, அதிலிருந்து இரத்தம் கசிவது, அக்குளில் கட்டி தெரிவது ஆகியவையும் அடையாளங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது புற்று, எது இல்லை என்று வீட்டில் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. 'ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பேச்சும் நம் தெருக்களில் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. காலதாமதத்தில்தான் நோய் பரவுகிறது.

2022-க்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், இந்தியாவில் புதிதாக இந்நோய் கண்டவர்கள் ஏறக்குறைய 1,92,000 பெண்கள். அவ்வாண்டில் இறந்தவர்கள் ஏறக்குறைய 98,000. தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணமாகக்கூடிய நோயில் இத்தனை சாவுகள்!

மேமோகிராம் எடுக்கப் பெரிய ஊருக்குத்தான் போகவேண்டும், நமக்கெங்கே என்று நினைக்கிறோம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த ஒன்றரை லட்சம் பெண்களில் ஒரு பாதியினரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்தார்கள். 2021-இல் முடிவு வெளியானது. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்கூட்டியே தெரிந்தது. ஐம்பது வயது தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

நம் மாநிலத்தில் 30 வயது நிறைந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனையும் கருப்பைவாய்ப் பரிசோதனையும் இலவசம். சந்தேகம் என்றால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கோ அனுப்புவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கைகொடுக்கும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறு நிலையத்தைத் தொடங்கியபோது இதில் எதுவும் இல்லை. இன்று இருக்கிறது, நாம்தான் போவதில்லை.

ஏன் போவதில்லை? ஒரு நாள் கூலி போகும். இப்போது விதைப்பு நேரம் வேறு. 'நல்லா இருக்கவளுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?' என்று மாமியார் கேட்பார். கல்யாணமாகாத மகள் இருக்கும் வீட்டில் இந்த நோயின் பெயரே வெளியே வரக்கூடாது. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் துன்புற்ற பெண்ணும் (மாற்கு 5:25-34) கூட்டத்தில் ஒளிந்துதான் வந்தார். அவரைக் கண்டிக்காமல், எல்லாருக்கும் முன்பாகப் பேசவிட்டு, மகளே என்று அழைத்தவரையே நாம் பின்பற்றுவதாகச் சொல்கிறோம்.

இந்த மாத அன்பியக் கூட்டங்களில் கிராம சுகாதார செவிலியரைப் பேச அழைத்திருக்கிறோம். ஆண்களும் இருக்கவேண்டும் என்றபோது சிலர் முகம் சுளித்தார்கள். நாமும் அங்கே அமர்ந்து கேட்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டோம். பரிசோதனைக்குப் போகும் நாளில் துணைக்கு வர மரியாயின் சேனைத் தாய்மார் நால்வர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பஸ் கட்டணம் இல்லாதவர்கள் பங்கு அலுவலகத்தில் கேட்கலாம். எதற்கு என்று யாரும் விசாரிக்கமாட்டோம்.